எட்டுப் பேருக்கு எடுத்த வீடு

எட்டுப் பேருக்குத்தான் வீடு எடுத்தேன். வந்து இறங்கியது பதினேழு பேர்.

பள்ளி விடுமுறையில் மூன்று இரவு. லுமுட்டிலிருந்து தெலுக் பாத்திக் கடற்கரைக்குப் போகும் வழியில் ஓர் அடுக்குமாடி வீடு. மூன்று அறை, கடல் தெரியும் பால்கனி, கீழே நீச்சல் குளம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா, பினாங்கில் இருக்கும் என் கல்லூரித் தோழி, அவள் கணவர், அவர்கள் மகள். கணக்கு சரியாக எட்டு. வீட்டுக்காரர் போட்டிருந்த விதியும் எட்டுதான். ஈப்போவில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை எனக்கு. ஆண்டு முடிவுக் கணக்குகளை முடித்துக் கொடுத்துவிட்டு மூன்று நாள் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

அம்மாவிடம் தேதியைச் சொன்னதுதான் நான் செய்த பிழை. அன்றிரவே ஷா ஆலாமில் இருக்கும் அண்ணனுக்குத் தொலைபேசி போனது. அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள். சரி, அண்ணன்தானே. அடுத்த வாரம் புந்தோங்கில் இருக்கும் எதிர் வீட்டுப் பெரியம்மா. அதற்கும் அடுத்த வாரம் சுங்கை சிப்புட்டில் இருக்கும் தண்டல் தாத்தாவும் பாட்டியும். கடைசியாக, கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கும் ஆயா. இவர்களில் யாரும் எங்களுக்கு ரத்த உறவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்தில் இருந்தவர்கள்.

"அம்மா, வீடு எட்டுப் பேருக்குத்தான்."

"லயத்துல ரெண்டு ரூம்புல பதினோரு பேர் படுத்தோம். மூணு ரூம்புல பதினேழு பேர் படுக்க முடியாதா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? வீட்டுக்காரரை அழைத்து உண்மையைச் சொன்னேன். இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: எட்டு என்று பதிந்துவிட்டு இரவோடு இரவாகப் பத்துப் பேரை லிஃப்டில் ஏற்றும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. காவலாளியிடம் மாட்டிக்கொண்டு, முன்பணத்தையும் இழந்து, வயதானவர்களை வாசலில் நிற்கவைத்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன். முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும். எங்களுக்கும் பிறந்தது. இரண்டு மாடி கீழே இன்னொரு வீடு காலியாக இருந்தது. அண்ணன் குடும்பமும் தோழி குடும்பமும் அங்கே; எங்களோடு பெரியவர்கள் எல்லோரும். எங்கள் வீட்டில் ஒரு தலை அதிகம். அதற்கு ஒரு மெத்தைக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு அவர் ஒப்புக்கொண்டார்.

ஈப்போவிலிருந்து லுமுட் 85 கிலோமீட்டர்போல இருக்கும். செரி இஸ்கண்டார் தாண்டி, போத்தாவில் பேராக் ஆற்றைக் கடந்து, ஆயர் தாவார், சித்தியவான் என்று போக வேண்டும். வழி நெடுக இரு பக்கமும் செம்பனை. பின் இருக்கையில் அம்மாவும் பெரியம்மாவும், "இதெல்லாம் அப்போ கித்தாக்காடு" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகில் நிற்கிறது. அதைப் பார்க்க சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். அதற்குப் பின் பேராக்கில் நட்ட லட்சக்கணக்கான மரங்களை வெட்டியவர்களில் இரண்டு பேர் என் காரில் புளிப்பு மிட்டாய் தின்றுகொண்டு வந்தார்கள்.

எங்கள் தோட்டம் 1996இல் கைமாறியது. எனக்கு அப்போது 12 வயது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், ஒரு பகுதி தாமான் ஆனது. லயம் காலியானது. நாங்கள் புந்தோங்குக்கு வந்தோம். மற்றவர்கள் எங்கெங்கோ போனார்கள். கல்யாணம், கருமாதி என்றால் பார்த்துக்கொள்வார்கள். சமீப காலமாகக் கருமாதியில்தான் அதிகம்.

கடலுக்கும் தோட்டத்துக்கும் ஒரு உறவு இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை, மாசி மகத்தின்போது, தோட்டத்து லாரியில் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போவோம். விடியற்காலை மூன்று மணிக்கு லாரி கிளம்பும். பெரியவர்கள் பலகையில், நாங்கள் நின்றுகொண்டு. லுமுட்டில் படகு ஏறி, சாமி கும்பிட்டு, திரும்பும்போது தெலுக் பாத்திக்கில் ஒரு மணி நேரம் குளியல். எங்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் மாசி மகம்.

முதல் நாள் சாயங்காலம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அண்ணனின் காரிலிருந்து ஆயா இறங்கினார். ஒரு துணிப்பை, சாரோங்கில் சுற்றிக் கட்டிய ஒரு பாய். "மெத்தைக்குப் பணம் கட்டியிருக்கேன் ஆயா" என்றேன். "மெத்தையில படுத்தா எனக்கு முதுகு வலிக்கும்மா" என்று கூடத்து மூலையில் பாயை விரித்துவிட்டார். பணம் கட்டிய மெத்தையில் மூன்று இரவும் என் மகன்தான் புரண்டான்.

தோட்டத்தை அறியாத இளையவர்களுக்கு ஆயா யார் என்று சொல்ல வேண்டும். ரப்பர் மரத்தை விடியுமுன் வெட்ட வேண்டும். குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் தாய்மார்கள் ஐந்து மணிக்கெல்லாம் பெரட்டில் நிற்க வேண்டும். கைக்குழந்தையை என்ன செய்வது? அதற்குத்தான் ஆயாக் கொட்டகை. நீளமான ஒரு கூடம், வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா. நாலரை மணி இருட்டில் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால், பாலை எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு, மத்தியானம் வந்துதான் வாங்கிக்கொள்வார்கள். நான் நடக்கப் பழகியது ஆயாவின் விரலைப் பிடித்துத்தான் என்று அம்மா சொல்வார். சொல்லும்போது அம்மா குரலில் ஒரு சின்னப் பொறாமை இருக்கும்.

இரண்டாம் நாள் காலை நாலரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பால்கனியில் வரிசையாக ஐந்து தலைகள். அம்மா, பெரியம்மா, தாத்தா, பாட்டி, ஆயா. விளக்கைப் போடவில்லை. பேசவும் இல்லை. மரத்தை விட்டு முப்பது வருடம் ஆகப்போகிறது, உடம்பு இன்னும் பெரட்டுக்கு எழுந்துகொண்டிருக்கிறது. "மழை வருமா பாக்கிறோம்" என்றார் தாத்தா. மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும், வெட்ட முடியாது. அன்றைய கூலியும் இல்லை. கடற்கரை விடுமுறையில் மழை வந்தால் இவர்களுக்கு என்ன போயிற்று என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு காபி போடப் போனேன்.

அந்தக் காபியில் தொடங்கியது. காபி பதினேழு. பசியாற ரொட்டி, சம்பல், அவித்த முட்டை. இரண்டு அடுப்பு மட்டுமே உள்ள வீடு அது. எட்டுத் தட்டு, எட்டு மங்கு, ஆறு கரண்டி. எடுத்துவைத்த பட்டியலை வீட்டுக்காரர் சுவரில் ஒட்டியிருந்தார். ஒரு பந்தி முடிந்து கழுவி அடுத்த பந்தி. பால்கனியில் வைத்த இரண்டு ரொட்டிப் பொட்டலத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், எனக்கு மறுபடியும் கடைக்கு ஓட்டம். மத்தியானம் கெம்போங் மீன் குழம்பு. ஆயாவும் பாட்டியும் எத்தனை முறை எழுந்து வந்தார்கள் தெரியுமா? "நீங்க உக்காருங்க, விருந்தாளி நீங்க" என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினேன். ஆயா கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிக்கூட வைத்தேன். அதை மரியாதை என்றுதான் நினைத்தேன். தோழி உதவினாள். அண்ணி தலைவலி என்று கீழே படுத்திருந்தார், அதை விடுவோம்.

கணவர் பிள்ளைகளோடு கடலில். அண்ணனும் தோழியின் கணவரும் லுமுட் படகுத்துறைப் பக்கம் கருவாடு விலை விசாரிக்கப் போய்விட்டார்கள். அன்று முழுவதும் கடலை அடுப்படி ஜன்னலின் ஒரு முழத் துண்டில்தான் பார்த்தேன்.

இரவு பத்தரைக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து, "நாளைக்குப் புட்டு அவிக்கலாமா, ஆயாவுக்குப் பிடிக்கும்" என்றார்.

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "நான் ஓய்வெடுக்க வந்தேனா, உங்க தோட்டத்துக்கு ஆக்கிப்போட வந்தேனா? கூப்பிட்டது நீங்க, சாகிறது நானா? யார் கேட்டா இவங்கள எல்லாம்?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் பார்வை என் தோளுக்குப் பின்னால் போனது. திரும்பினேன். கூடத்து மூலையில் பாய்மேல் ஆயா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஐந்து மணிக்குக் கணவர் எழுப்பினார். "ஆயா என்கிட்ட கிள்ளானுக்கு எத்தனை மணிக்கு பஸ்னு கேக்கிறாங்க. பேரனுக்குக் காய்ச்சலாம், மக போன் பண்ணாளாம்."

பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. துணிப்பை அதன்மேல். ஆயா தலை வாரி, பொட்டு வைத்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கைத்தொலைபேசி முந்தின நாள் மாலையிலிருந்து அடுப்படியில் என் சார்ஜரில் கிடந்தது. இரவு முழுவதும் அணைந்துதான் இருந்தது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது ஆயாவுக்குத் தெரியாது.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "ஆயா, நேத்து ராத்திரி நான் பேசினது..."

"என்ன பேசின? எனக்குக் காது சரியா கேக்காதும்மா."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. வெளியே இன்னும் இருட்டு. பிறகு அவரே தொடங்கினார். "ரெண்டு நாளா ஒரு டம்ளர் கழுவ விடல நீ. எனக்கு இப்படி உக்காந்து சாப்பிட்டுப் பழக்கமில்ல. மக வீட்லகூட நாந்தான் பாத்திரம் தேய்க்கிறேன். சும்மா இருந்து திங்கிறது வெக்கமா இருக்கு."

மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் காது கேட்காது என்பார். "ஆயா, இன்னைக்குப் பங்கோர் போறோம். ஆறு பிள்ளைங்க. படகுல இவங்கள பிடிச்சு வைக்க எனக்கு முடியாது. நீங்க பாத்துக்கிறீங்களா?"

"ஆறுதானா?" என்றார். "இருபத்து மூணு பிள்ளைங்கள ஒண்டியா பாத்தவ நான்."

பையை அவரே எழுந்து மூலையில் வைத்தார். புட்டு மாவைக் கேட்டார்.

அன்று காலை அடுப்படிக்குள் எனக்கு இடமே இல்லை. ஆயா புட்டு, பாட்டி தேங்காய் துருவல், பெரியம்மா காபி. தாத்தா தண்டலாக இருந்த காலத்துப் பழக்கத்தில் பால்கனியில் நின்று பிள்ளைகளைப் பெயர் கூப்பிட்டு, ஆளுக்கொரு வேலை கொடுத்தார். கீழ் வீட்டிலிருந்து தட்டுகளை மேலே கொண்டுவந்தால் இரண்டாம் பந்தியே தேவையில்லை என்ற எளிய கணக்கு, கணக்காய்வாளரான எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. அண்ணியைக்கூட அழைத்து வெங்காயம் உரிக்க வைத்துவிட்டார். தண்டலுக்கு யாரும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை.

லுமுட்டிலிருந்து படகு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வழியில் கடற்படைத் தளம் தெரியும். என் மகன் பள்ளியில் படித்த பங்கோர் உடன்படிக்கையைத் தாத்தாவுக்கு விளக்கிக்கொண்டு வந்தான்: 1874 ஜனவரி 20, பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டை ஏற்க வேண்டும் என்று முடிவானது, லுமுட்டும் பங்கோரும் டிண்டிங்ஸ் என்ற பெயரில் நேரடியாக வெள்ளையர் ஆட்சியில் இருந்தன, 1935இல்தான் பேராக்குக்குத் திரும்ப வந்தன. தாத்தா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப இங்கதான் கையெழுத்துப் போட்டானா? அதுக்கப்புறம்தான் நம்மள அங்க கொண்டாந்து மரம் வெட்ட விட்டானா?" என்றார். மகனின் பாடநூலில் அந்த இரண்டாவது வரி இல்லை போலிருக்கிறது, விழித்தான்.

பங்கோரில் இளஞ்சிவப்பு வேன்கள்தான் டாக்சி. இரண்டு வேன் பிடித்தோம். பத்திரகாளியம்மன் கோயில் கடலோரத்தில் இருக்கிறது. மாசி மகக் கூட்டத்தில் மட்டுமே பார்த்த இடம், சாதாரண நாளில் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஐந்து பேரும் வெகு நேரம் நின்றார்கள். இறந்துபோனவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி அர்ச்சனை செய்ய முடியாதுதான், ஆனால் அம்மா வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான் என்று நினைக்கிறேன். 1670இல் கட்டிய டச்சுக் கோட்டை இன்னும் சுவர்களாக நிற்கிறது. பிள்ளைகள் படம் எடுத்தார்கள், பத்து நிமிடம் போதும். 2020 ஜனவரியிலிருந்து பங்கோர் வரியில்லாத் தீவு என்பதால் சாக்லெட் கடையில் நாற்பது நிமிடம் போனது. பங்கோர் நெத்திலியும் வாங்கினோம்.

படகிலும் வேனிலும் ஆறு பிள்ளைகளும் ஆயாவைச் சுற்றியே இருந்தார்கள். ஒரு முறைகூட அவர் குரல் உயரவில்லை. எப்படி என்று தோழி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை, நானும் அந்தக் கொட்டகையில் இருந்தவள்தானே, வெளியிலிருந்து பார்த்ததில்லை.

சாயங்காலம் தெலுக் பாத்திக். பிள்ளைகள் தண்ணீரில். ஆயா மரத்தடியில் எல்லோருடைய செருப்பையும் துண்டையும் காத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாங்க ஆயா, தண்ணில கால் வைங்க."

"நீங்க போங்க. நான் இங்கயே இருந்து எண்ணிக்கிட்டு இருக்கேன்."

அப்போதுதான் உறைத்தது. லாரியில் வந்த எல்லா மாசி மகத்திலும் ஆயா இதே மரத்தடியில்தான் இருந்திருக்கிறார். யாருடைய பிள்ளை எவ்வளவு தூரம் போகிறது என்று எண்ணிக்கொண்டு. "எத்தனை தடவை வந்திருப்பீங்க ஆயா?" "பதினஞ்சு, பதினாறு இருக்கும்." "கடல்ல இறங்கியிருக்கீங்களா?" அவர் சிரித்தார். "யாரு புள்ளைங்கள பாக்குறது?"

"நான் எண்ணுறேன்," என்றார் தாத்தா. "நீ போ."

சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்து இறங்கினார். முதல் அலை காலுக்கு வந்ததும் என் கையை நகம் பதிய இறுக்கினார். "இழுக்குதும்மா." "கீழே மண்ணுதான் ஆயா போகுது, நாம இங்கயேதான் இருக்கோம்." முழங்கால்வரை போனோம். பங்கோர் மலைக்குப் பக்கத்தில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஆயா திரும்பித் திரும்பிக் கரையில் தாத்தா சரியாக எண்ணுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

செலவுக் கணக்கு ஒன்று பாக்கி. இரண்டு வீட்டு வாடகையை நானும் அண்ணனும் தோழியும் மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். சாப்பாட்டுச் செலவை நான் யாரிடமும் கேட்கவில்லை. கடைசி இரவு தாத்தா மைலோ டின் ஒன்றை மேசைமேல் வைத்தார். உள்ளே நூற்று இருபது வெள்ளி. ஐந்து, பத்து நோட்டுகள். வேண்டாம் என்று தள்ளினேன். "சம்பந்தன் காலத்துல மாசம் பத்து வெள்ளியா நூறு வெள்ளி கட்டி, தோட்டத்துக்கே பங்காளி ஆனவங்க நாங்க. இதுவும் அப்படித்தான், எடுத்து வை" என்றார். துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்காரர். துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகளே வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்; பங்கு நூறு வெள்ளி, பத்துப் பத்தாகக் கட்டலாம். தாத்தா தம் பங்குப் புத்தகத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். இரண்டு நாளுக்கு முந்திய நானாக இருந்தால் அந்த டின்னைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். வாங்கி வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை தாத்தாவே சுவர்ப் பட்டியலைப் பார்த்துக் கரண்டி எண்ணினார். ஆறும் இருந்தன. ஆயா அண்ணனின் காரில் கிள்ளானுக்குக் கிளம்பினார்.

போத்தா பாலத்துக்கு வரும்போது அம்மா பின்னால் திரும்பி, "இது யாரு பாய்?" என்றார். சாரோங்கில் சுற்றிய பாய் எங்கள் பெட்டிகளுக்கு நடுவே இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி ஆயாவை அழைத்தேன். இந்த முறை தொலைபேசி முழுச் சார்ஜில் இருந்தது.

"ஆயா, பாயை மறந்துட்டீங்க. அடுத்த வாரம் அண்ணன்கிட்ட குடுத்து விடட்டுமா?"

"வேணாம்மா. அங்கயே இருக்கட்டும்," என்றார். "ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கிட்டு அலைய வேணாம்ல."

பாய் இப்போது எங்கள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது.